போர்காட் கணவாய்ச் சாலை

மும்பை வாழ் தமிழர் பலர் விடுமுறை நாட்களில் லோனாவாலாவுக்கும் புனேவுக்கும் மோட்டாரில் செல்வதுண்டு. உப்பங்கழியோரப் பன்வேலைக் கடந்து கோபோலி வரையில் தாழ்ந்த கொங்கண நிலம். அதன்பின் சஹ்யாத்திரி மலை மதிலென எழுந்து நிற்கிறது. மாரிக்காலமாயின் பாறைதோறும் அருவி. இயற்கையழகில் மனம் செலுத்தும் நாம், இவ்வழியை வகுத்தவர் யாவர் என்று எண்ணுவது அரிது.

கடற்கரைச் சரக்கு தக்காணத்துக்கு ஏறிய வழிகள் மிகப் பழையன. வடக்கே நாணேகாட் கணவாயில், சாதவாகன அரசி நாகனிகாவின் வேள்விகளையும் தானங்களையும் உரைக்கும் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. இந்திய எண்குறிகளின் மிகப் பழைய வடிவங்களுள் சில அதில் காணப்படுகின்றன. கணவாயின் தலைப்பிலுள்ள பெரிய கற்சாடி சுங்கக் காசு இடுவதற்கானது என்பர். லோனாவாலாவை அடுத்த கார்லா குகைக்கோயிலின் தூண்கள் சில, யவனர் அளித்த கொடை எனத் தம் கல்வெட்டுகளாலேயே அறிவிக்கின்றன. சாதவாகனரின் வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் பிராகிருதமும், மறுபுறம் தமிழெனப் பல அறிஞர் கொள்ளும் வாசகமும் உள்ளன. வணிகர் பேசும் மொழியை மதித்த அரசு அது என்றே நமக்குத் தோன்றுகிறது.

போர்காட்டில் நெடுங்காலம் பொதிமாடுகளே சரக்கேற்றின. வண்டி ஏறத்தக்க சாலை 1830-இல் திறக்கப்பட்டது. அதைச் செய்வித்த பம்பாய் கவர்னர் ஜான் மால்கமின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. (இக்கணவாயில் இருந்த பழைய பாலமொன்று, தலைவலித் தைல விளம்பரப் பலகையால் அமிர்தாஞ்சன் பாலம் என்றே பெயர் பெற்றது. 2020-இல் அது தகர்க்கப்பட்டது.)

சாலையை ஒட்டி இருப்புப்பாதை அமைக்கும் வேலை 1856-இல் தொடங்கி 1863-இல் நிறைவுற்றது. குத்தகை எடுத்த சாலமன் டிரெட்வெல் 1859-இல் இந்தியாவுக்கு வந்த சில வாரங்களிலேயே இறந்தார். அவர் மனைவி ஆலிஸ், பொறியாளரை அமர்த்தி வேலையை நடத்தி முடித்தார். 1861-இல் இம்மலைச்சரிவில் 40,000-க்கு மேற்பட்டோர் உழைத்தனர். கயிற்றில் தொங்கியபடி பாறைக்கு வெடி வைத்தவர்களும், காலராவில் மாண்டவர்களும் பல்லாயிரவர். அவர்கள் பெயர்களை எக்கல்லிலும் நாம் காணவில்லை.

எனினும் பழைய சாலையோரத்தில் சிங்ரோபா என்னும் சிறு கோயில் உண்டு. ஆங்கிலேயருக்கு மலையேறும் தடத்தைக் காட்டிய தங்கர் ஆயன் ஒருவனுக்கு எழுந்தது அது என்பர். "என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டவர்களிடம் நாட்டின் விடுதலையைக் கேட்டானாம். அதற்காகவே சுட்டுக் கொல்லப்பட்டான் என்கிறது மக்கள் வழக்கு. ஆவணச் சான்றுள்ள செய்தியன்று இது. ஆயினும், 2002-இல் விரைவுச்சாலை முழுமை பெற்ற பின்னரும், பழைய வழியே செல்லும் லாரி ஓட்டுநர் அக்கோயில் முன் வேகம் தணித்து ஒரு நாணயம் எறிந்துவிட்டே மலையேறுகின்றனர்.