நடக்காததைச் சொல்ல இறந்தகாலம் ஏன்?

பூமி சுழல்வதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? ஓர் ஆங்கில இயற்பியல் நூலிலிருந்து இந்தக் கேள்வியை வகுப்பில் படித்துக் காட்டினேன். ‘இஃப் தி எர்த் ஸ்டாப்டு ரொட்டேட்டிங்’ என்று அது தொடங்கியது. பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, “சார், பூமி எப்போது நின்றது?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

ஆனால் அவர் கேட்டதில் தவறு என்ன? ‘ஸ்டாப்டு’ இறந்தகால வினைதானே! இனி நடக்கப்போவதாகக் கற்பனை செய்யும் ஒன்றை ஆங்கிலம் ஏன் இறந்தகாலத்தில் சொல்கிறது? இதற்கு விடை காண ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

பழைய ஆங்கிலம்

அக்கால ஆங்கிலத்தில் உண்மை நிகழ்ச்சியைச் சொல்ல ஒரு வினைவடிவமும், கற்பனையையும் விருப்பத்தையும் சொல்ல வேறொரு வடிவமும் இருந்தன. ‘லுவொடொன்’ என்றால் ‘அவர்கள் நேசித்தார்கள்’ என்று பொருள். ‘லுவொடென்’ என்றால் நேசிப்பதாகக் கற்பனை. வேறுபாடு கடைசி உயிரொலியில் மட்டுமே. அதுபோல ‘அவன் இருந்தான்’ என்பதற்கு ‘வேஸ்’. ‘அவன் இருப்பானாகில்’ என்பதற்கு ‘வேரெ’.

ஆங்கிலத்தில் அழுத்தம் சொல்லின் முற்பகுதியில் விழும். அதனால் கடைசி ஒலிகள் வலுவிழந்தன. ‘ஒன்’, ‘என்’ இரண்டும் ஒன்றாகிப் பிறகு மறைந்தே போயின. இரண்டு வடிவங்களும் ‘லவ்டு’ என்ற ஒரே சொல்லில் வந்து முடிந்தன. கற்பனைக்குரிய வடிவம் மறைந்துவிட்டது. அதன் வேலை மட்டும் மறையவில்லை. அதை இறந்தகால உருவமே ஏற்றுக்கொண்டது.

தப்பிப் பிழைத்தது ஒன்றுதான். ‘வேரெ’ என்பதே இன்றைய ‘வேர்’. ‘இஃப் ஐ வேர்’, ‘இஃப் இட் வேர்’ என்று ஒருமையில் அது வரும்போது பன்மைப் பிழை என்று எண்ணாதீர்கள். பாறையில் பதிந்த தொல்லுயிர்ச் சுவடு போன்றது அது. பேச்சில் பலர் ‘வாஸ்’ என்று சொல்வதும் உண்டு. ஆனால் தேர்வுத்தாளில் ‘வேர்’ என்று எழுதுவதே நல்லது.

ஒரு படி பின்னே

இரண்டு வாக்கியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்.’ பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகும். இது நடப்பது, ஆகவே நிகழ்காலம்.

‘இஃப் ஐஸ் வேர் டென்சர் தேன் வாட்டர், இட் வுட் சிங்க்.’ பனிக்கட்டி நீரைவிட அடர்த்தி மிக்கதாக இருந்தால் மூழ்கும். உண்மையில் அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.92 கிராம், அது மிதக்கும். உண்மைக்கு மாறானதால் வினை ஒரு படி பின்னே போகிறது. ‘வுட்’ என்பதும் ‘வில்’லின் இறந்தகால உருவமே.

கற்பனை கடந்த காலத்தைப் பற்றியதானால் என்ன செய்வது? பழைய ஆங்கிலத்தில் இதற்கும் ‘வேரெ’யே போதுமாக இருந்தது. பிற்காலத்தில் இன்னொரு படி தேவைப்பட்டது. ‘ஹேட்’ வந்து சேர்ந்தது. 1896 பிப்ரவரி இறுதியில் பாரிசில் மேகமூட்டம். வெயிலுக்காகக் காத்திருந்த பெக்கரெல், யுரேனிய உப்பையும் ஒளிப்படத் தகட்டையும் இழுப்பறையில் வைத்தார். வெயில் படாமலே தகட்டில் தடம் பதிந்தது, கதிரியக்கம் வெளிப்பட்டது. ‘இஃப் த ஸன் ஹேட் ஷோன்’ என்றால், வெயில் அடிக்கவில்லை என்பது அந்த வினையிலேயே அடங்கியிருக்கிறது.

தமிழில் இல்லையா?

டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஆட்டோ யெஸ்பர்சன், இறந்தகால வினை காலத்தை விட்டு உண்மையின்மையைக் காட்டுவதை 1924-இல் வெளியான தம் இலக்கணத் தத்துவ நூலில் ஆராய்ந்தார். பிரெஞ்சு மொழியிலும் இவ்வழக்கம் உண்டு. நம் மொழியைப் பாருங்கள்: ‘நாளை அவன் வந்தால்’. இதிலுள்ள ‘வந்த்’, ‘வந்தான்’ என்பதில் உள்ளதுதான்! ‘வெயில் அடித்திருந்தால்’ என்று இரண்டாம் படியும் நம்மிடம் உண்டு.

ஆனால் ஒரு வேறுபாடு. தமிழில் ‘சூடாக்கினால் உருகும்’, ‘அடர்த்தியாக இருந்தால் மூழ்கும்’ இரண்டும் ஒரே அமைப்பு. எது நடப்பது, எது கற்பனை என்பதை நாமே உணர்ந்துகொள்கிறோம். ஆங்கிலம் அதை வினையிலேயே காட்டிவிடுகிறது. நம் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

எனவே ஆங்கிலத்தில் ‘இஃப்’ வந்ததும், ‘எப்போது நடந்தது?’ என்று கேட்பதற்கு முன், ‘இது நடந்ததா, நடக்கக்கூடியதா, வெறும் கற்பனையா?’ என்று கேளுங்கள். நீங்கள் எழுதும்போது ‘வுட்’டை விளைவைச் சொல்லும் பகுதியில் வையுங்கள், ‘இஃப்’ பகுதியில் வேண்டாம்.

அன்று சிரித்தவர்களில் எவருக்கும் அந்த மாணவரின் கேள்விக்கு விடை தெரியாது. எனக்கும் அன்று தெரியவில்லை. அவர் கேட்டிராவிட்டால் நான் இதைத் தேடிப் படித்திருக்கவே மாட்டேன்.