திம்பக்துவின் கிதாபுகள்

ஆப்பிரிக்க மக்களின் பெருமையைப் பேசத் தொடங்கினால் பிலால் (ரலி) அவர்களும், முஹாஜிர்களுக்கு அடைக்கலம் அளித்த நஜ்ஜாஷி மன்னரும் முதலில் நினைவுக்கு வருவர். அவர்களின் வரலாறு இம்மலரின் வாசகர்களுக்கு ஓதும் வயதிலேயே சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஆகவே இக்கட்டுரை, மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றை ஒட்டி எழுந்த மாலி, சொங்காய் ஆகிய பேரரசுகளையும், அவற்றின் கல்வி நகரமாகிய திம்பக்துவையும் எடுத்துக்கொள்கிறது. எழுத்தும் வரலாறும் இல்லாத நிலம் என்று காலனியாட்சியாளர் எழுதிவைத்த அப்பகுதியில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிற சரக்குகள் அனைத்தையும்விடப் புத்தக வாணிபமே கூடுதல் ஆதாயம் தந்தது என்று, ஐரோப்பியர் லியோ ஆப்பிரிக்கானஸ் என்றழைத்த அல்ஹஸன் அல்வஸ்ஸான் குறித்துள்ளார்.

பொன்னும் புகழும்

13ஆம் நூற்றாண்டில் சுந்தியாத்தா கெய்த்தா நிறுவிய மாலிப் பேரரசு, சகாராவின் உப்பும் தெற்கின் பொன்னும் கைமாறும் வழிகளைத் தன் காவலில் வைத்திருந்ததால் செழித்தது. 'மன்ஸா' என்பது அதன் மன்னர்களின் பட்டம். 1324இல் மன்ஸா மூஸா ஹஜ் பயணத்தின்போது கெய்ரோவில் வாரி வழங்கிய பொன்னால் அங்குப் பொன்விலை சரிந்ததும், ஏறத்தாழ 12 ஆண்டுகள் கழித்தும் அது மீளவில்லை என்று வரலாற்றாசிரியர் அல்உமரீ பதிவு செய்ததும் பலரும் அறிந்தவை. ஆயினும் பொன் நிலத்தில் கிடைத்தது. கல்வியோ அம்மக்கள் தம் உழைப்பால் ஈட்டியது. அதனால் அதுவே பெரிது.

இப்னு பதூதாவின் சாட்சியம்

1352இல் சகாராவைக் கடந்து மாலியை அடைந்த இப்னு பதூதா தமிழ் மண்ணுக்கும் அந்நியர் அல்லர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் மதுரை சுல்தான் கியாஸுத்தீனிடம் விருந்தினராக இருந்தவர் அவர். அந்த சுல்தான் தமக்கு மண உறவினராக இருந்தும், அவர் செய்த கொடுமைகளை மறைக்காமல் எழுதியவர். மாலியிலும், அன்றைய மன்ஸா சுலைமானின் கஞ்சத்தனத்தையும் தமக்கு உவப்பற்ற பழக்கவழக்கங்களையும் அவர் கடிந்தே பேசுகிறார். முகத்துக்காகப் புகழாத அத்தகைய ஒருவர், அந்நாட்டில் அநீதி அரிது என்றும், பயணிக்கோ ஊராருக்கோ கள்வர் பயம் இல்லை என்றும் சான்று தருவதால் அச்சொல் எடையுள்ளதாகிறது. அங்கு இறந்துபோகும் வெளிநாட்டாரின் பொருளை, உரியவர் வந்து பெறும்வரை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்து வைப்பர் என்கிறார். ஜும்ஆவுக்குப் பிந்தி வருவோர்க்குப் பள்ளியில் இடம் கிடைக்காது. கிழிந்த சட்டை ஒன்றே உள்ளவரும் அதைத் துவைத்து உடுத்தியே தொழ வருவர். குர்ஆனை மனனம் செய்வதில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு விலங்கிட்டு வைத்திருந்ததையும் அவர் கண்டார். அக்கண்டிப்பு இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும் ஓதுதலுக்கு அச்சமூகம் கொடுத்த இடம் அதில் தெரிகிறது. மாலத்தீவில் கிடைக்கும் சோழிகள் மாலியிலும் காவோ நகரிலும் ஒரு பொன் தீனாருக்கு 1,150 வீதம் நாணயமாகப் புழங்கியதை அவர் குறிப்பிடுவது, இந்தியப் பெருங்கடலும் நைஜர் ஆறும் வாணிபத்தால் இணைந்திருந்தமைக்குச் சான்றாகும்.

கிதாபுகளும் ஆலிம்களும்

மாலிக்குப் பின் தலையெடுத்த சொங்காய்ப் பேரரசில், அஸ்கியா முஹம்மத் (ஆட்சி 1493–1528) ஆலிம்களைப் போற்றி, ஆட்சி முறை குறித்து அவர்களிடம் ஃபத்வா கேட்டு நடந்தார். திம்பக்துவில், செல்வம் மிக்க ஒரு பெண்மணியின் பொருளால் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் சங்கோரே பள்ளிவாசலைச் சூழ்ந்து ஆசிரியர்களின் இல்லங்களே வகுப்பறைகளாயின. குர்ஆன் விளக்கம், ஹதீஸ், மாலிக்கி மத்ஹபின் சட்ட நூல்கள், இலக்கணம், தர்க்கம், வானியல் ஆகியவை அங்குக் கற்பிக்கப்பட்டன. படியெடுத்தவரின் பெயரும், பிழை திருத்தியவரின் பெயரும், அவர்கள் பெற்ற பொன்கூலியும் நூலின் இறுதியில் குறிக்கப்பட்ட பிரதிகளும் உள்ளன.

அந்நகரின் பேராசிரியர் முஹம்மத் பகயோகோவைப் பற்றி அவருடைய மாணவர் அஹ்மத் பாபா (1556–1627) எழுதியுள்ளவை போற்றத்தக்கவை. வாசலுக்கு வரும் மாணவர் ஒருவர் தமக்கு வேண்டிய நூலின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி உள்ளே அனுப்பினால், கேட்டவர் யாரென்றும் விசாரியாமல், அரிய நூலாயினும் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தனுப்புவார் என்கிறார். இறைச்செய்தி ஓதுதலிலும் எழுதுகோலிலும் தொடங்கியதை அறிந்த சமூகம் கல்வியை இவ்வாறே பகிர்ந்துகொண்டது.

1591இல் மொராக்கோ சுல்தான் அல்மன்ஸூர் அனுப்பிய படை சொங்காயை வீழ்த்தியது. முஸ்லிம் ஆட்சியாளர் ஒருவரே அவ்வழிவுக்குக் காரணமானார் என்பதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அஹ்மத் பாபா கைதாகி மராக்கிஷுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். திரைக்குப் பின்னிருந்து பேசிய சுல்தானிடம், திரைக்கு அப்பாலிருந்து பேசுவது இறைவனுக்கே உரியது என்பதை அஷ்ஷூரா அத்தியாயத்தின் 51ஆம் வசனத்தைக் கொண்டு உணர்த்தி, திரையை விலக்கச் செய்தார். தம்மிடமிருந்து 1,600 நூல்கள் பறிபோயின என்று முறையிட்ட அவர், தம் உறவினர்களுள் மிகச் சிறிய நூலகம் தம்முடையதே என்றும் சொன்னார். 1608இல் ஊர் திரும்பியவர், 1615இல் எழுதிய நூலில், கறுப்பு நிறம் அடிமைத்தனத்துக்குக் காரணமாகாது என்று வாதிட்டார். அடிமை முறையை அவர் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் மொழியும் நிறமும் வேறுபடுவதை இறைவனின் அத்தாட்சி எனக் காட்டும் அர்ரூம் அத்தியாயத்தின் நெறி அவ்வாதத்தில் ஒலிக்கிறது.

1894இல் பிரெஞ்சுப் படை திம்பக்துவைக் கைப்பற்றிய பின்னரும், குடும்பங்கள் தம் சுவடிகளைப் பெட்டிகளிலும் மணலுக்கடியிலும் வைத்துக் காத்தன. 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, ஊர் மக்களும் நூலகர்களும் அவற்றை இரகசியமாகத் தலைநகர் பாமாகோவுக்கு அனுப்பிப் பெரும்பகுதியைக் காப்பாற்றினர். அரபு எழுத்தில் ஃபுலானி, சொங்காய் முதலிய தாய்மொழிகளில் எழுதப்பட்டவையும் அச்சுவடிகளுள் உண்டு. அரபுத்தமிழில் நூல் செய்த காயல்பட்டினம், கீழக்கரை மக்களுக்கு அம்முறை நன்கு அறிமுகமானதே. இம்மலரை வாசிக்கும் குடும்பங்கள், பாட்டனார் காலத்துக் கையெழுத்துக் கிதாபுகள் தம் வீட்டு அலமாரியிலோ பரணிலோ இருக்குமாயின், கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகுமுன் அவற்றை எடுத்து, பெயரும் ஆண்டும் குறித்துப் பட்டியலிட்டு, அறிந்தவர்களிடம் காட்டிப் படியெடுத்து வைக்க முன்வர வேண்டும்.