வெள்ளிக்கிழமையும் ஒளியும் ஒலியும்

1) வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா தெரு வெறிச்சோடிப் போனது ஞாபகம் இருக்கா? இருந்தா உங்களுக்கும் நாற்பது தாண்டியாச்சு 😀

2) சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அதில் வந்த 'ஒளியும் ஒலியும்'தான் நமக்கு மியூசிக் வீடியோ. வாரம் ஒருநாள், நாலைந்து சினிமாப் பாட்டு. டிவி இருக்கும் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கம் மொத்தமும் உட்கார்ந்திருக்கும். போடுறதைத்தான் பார்க்கணும்.

3) 1993ல் சன் டிவி வந்தது. அப்புறம் எந்நேரமும் பாட்டு. காத்திருப்பு போச்சு.

4) 'அந்தக் காலப் பாட்டு மாதிரி வருமா?' என்கிறோம். பாட்டு மட்டுமே காரணமில்லை. சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் பின்னாளில் அதிகம் நினைவுக்கு வரும். உளவியலில் இதை 'நினைவு மேடு' எனலாம். உங்க பிள்ளைகளுக்கு அந்த மேடு இப்போதான் உருவாகுது. அவங்க பாட்டைக் கிண்டல் பண்ணாதீங்க.

5) மறதி நோய் வந்த பெரியவர்கள் காலையில் சாப்பிட்டதை மறந்துடுவாங்க. இளமையில் கேட்ட பாட்டுக்குப் பலர் தாளம் போடுவாங்க. அவங்க இளமை இலங்கை வானொலியும் டூரிங் டாக்கீஸும். வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தா, உங்க பாட்டை இல்ல, அவங்க பாட்டைப் போடுங்க. நோய் குணமாகாது. ஆனா அந்த மூணு நிமிஷம் முகத்தைப் பாருங்க.