திரிகைப் பாட்டும் இலத்தீன் ஆயரும்

பதினோராம் நூற்றாண்டின் முற்பாதியில், அங்கேரி நாட்டில் ஓர் இரவு. அரசரைக் காணச் செல்லும் வழியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த ஆயர் கெரார்டு, திரிகை சுழலும் ஓசையையும் அதனூடே ஒரு பெண் பாடுவதையும் கேட்டார். உடன் வந்த ஆசிரியர் வால்டரிடம், இஃது என்ன இசை என வினவினார். பணிப்பெண் ஒருத்தி கோதுமை அரைத்துக்கொண்டே பாடுகிறாள் என்றார் வால்டர். கடிய உழைப்பை இத்துணை இனிமையோடு செய்பவள் பேறு பெற்றவள் என்று கூறிய ஆயர், அவளுக்குப் பணம் கொடுக்கச் செய்தார். கெரார்டின் விரிவான வாழ்க்கை வரலாறு இந்நிகழ்ச்சியை இவ்வாறு உரைக்கிறது. ஆயர் கூறியது இலத்தீனில் எழுதப்பட்டு இன்றும் நிற்கிறது. அப்பெண் பாடிய பாட்டின் ஒரு சொல்லேனும் எழுதப்படவில்லை.

இவ்வேறுபாட்டின் காரணத்தை அவ்வாயரின் வாழ்க்கையிலேயே நாம் தேடலாம்.

கெரார்டு வெனிசு நகரத்தவர். பெனடிக்ட் சபைத் துறவி. புனித நாட்டுக்குப் புறப்பட்டவரை, அங்கேரியின் முதல் அரசரான ஸ்டீபன் தம் நாட்டிலேயே தங்கச் செய்து, இளவரசர் எமெரிக்குக்கு ஆசிரியராக அமர்த்தினார் என்பது மரபு. பின்னர் அவர் பக்கோன் காட்டில் தனித்துறவியாக வாழ்ந்தார். 1030-இல் சானாத் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். அப்பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவன் ஆய்தோனியை அரசப் படை வென்றபின், மாரோஷ் ஆற்றங்கரைக் கோட்டையூர் படைத்தலைவன் சானாதின் பெயரைப் பெற்றது. அவ்வூர் இன்று ருமேனிய எல்லைக்குள் உள்ளது.

கெரார்டின் எழுத்துமொழி இலத்தீன். விவிலியத்தின் தானியேல் நூலில் வரும் மூன்று இளைஞர் துதிப்பாடலுக்கு அவர் எழுதிய இலத்தீன் விளக்கவுரை, மியூனிக்கில் உள்ள ஒரே சுவடியால் நமக்குக் கிடைத்துள்ளது. மக்கள் பேசியதோ இலத்தீனோடு உறவில்லாத ஃபின்னோ-உக்ரிய மொழி. ஆகவே அம்மொழி அறிந்த துறவியரின் துணையோடுதான் அவர் மக்களிடம் பேசினார். சானாதில் தொடங்கிய பள்ளியில் வால்டர் கற்பித்தவையும் இலத்தீன் இலக்கணமும் வழிபாட்டு இசையுமே.

1038-இல் ஸ்டீபன் மறைந்தபின் அரியணைப் போட்டி மூண்டது. அரசனான ஆபா சாமுவேல் தன்னை எதிர்த்த பெருமக்களைக் கொல்வித்தான். உயிர்ப்புப் பெருவிழாவன்று அவனுக்கு முடிசூட்ட மறுத்த கெரார்டு, மேடையேறி அவனைக் கடிந்துரைத்தார். அவரது இலத்தீன் உரையை மொழிபெயர்க்க வேண்டியவரோ அஞ்சி நின்றார். கடவுளுக்கு அஞ்சுக, சொன்னதைச் சொல்லுக என ஆயர் ஊக்கிய பின்னரே அவர் வாய் திறந்தார் என்கின்றன பழைய நூல்கள். சினந்த அரசனின் மொழியில் அக்கண்டனத்தைக் கூறியவர் அம்மொழிபெயர்ப்பாளரே. அவர் பெயரை நாம் அறியோம்.

1046-இல் பழைய சமயத்தார் கிளர்ந்தெழுந்தனர். புதிய அரசராக வரவிருந்த ஆண்ட்ரூவை எதிர்கொள்ளச் சென்ற கெரார்டு, தன்யூப் ஆற்றங்கரைக் குன்றொன்றில் கொல்லப்பட்டார். 1083-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். புடாபெஸ்டு நகரில் உள்ள அக்குன்று இன்று ‘கெல்லேர்த்’ குன்று எனப்படுகிறது. கெரார்டு என்னும் பெயரின் அங்கேரிய வடிவமே கெல்லேர்த். எந்த மொழியில் பேசப் பிறர் துணையை நாடினாரோ, அந்த மொழி அவர் பெயரைத் தன் ஒலிக்கேற்பத் திரித்து ஏற்றுக்கொண்டது.

அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளே கழிந்த 1055-இல், அதே ஆண்ட்ரூ பாலத்தோன் ஏரிக்கரையில் திஹான் மடத்தை நிறுவினார். அம்மடத்துக்குரிய சாசனம் இலத்தீனில் அமைந்தது. ஆயினும் நிலங்களின் எல்லையைச் சொல்லுமிடத்து, 50-க்கும் மேற்பட்ட அங்கேரியச் சொற்களை எழுதியவர் அப்படியே பதித்தார். அங்கேரியச் சொற்றொடரைத் தாங்கி மூலப்படியாகவே எஞ்சியுள்ள ஆவணங்களுள் இதுவே மிகப் பழையது. அதில் ‘வழிமேல்’ என்னும் பொருளில் ‘உது ரேயா’ எனத் தனிச்சொல்லாக நின்ற ‘ரேயா’, இன்று ‘ஊத்ரா’ என்பதில் வேற்றுமை உருபாக ஒட்டி நிற்கிறது. சொல் உருபாகத் தேய்வதைத் தமிழ் இலக்கணம் கற்றோர் நன்கறிவர். அங்கேரிய மொழியில் அம்மாற்றத்துக்குச் சான்று தருவது ஒரு நிலச் சாசனம்.

நிலத்தின் எல்லை பிறழக்கூடாது. எனவே ஊரார் வழங்கிய சொல்லே எழுத்தருக்கு வேண்டியிருந்தது. பணிப்பெண்ணின் பாட்டு எவர் உடைமைக்கும் சான்றாகத் தேவைப்படவில்லை. மக்கள் மொழி எழுத்தேறுவதும் ஏறாததும் பலகாலும் இத்தகைய தேவையாலேயே முடிவாகின்றன. மொழியின் வளத்தை அது காட்டுவதில்லை.

பழஞ்சுவடிகளைப் பயிலும் மாணவர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: முதற்சான்றின் ஆண்டை மொழியின் பிறந்த ஆண்டாகக் கொள்ளற்க. 1055-க்கு முன்பே அங்கேரிய மொழியில் ஒருத்தி பாடினாள்; ஓர் ஆயர் கேட்டார்.