ஆழ்கடல் தூண்டில்: படகு எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோட்டத்து ஆற்றிலும் ஈயக்குட்டையிலும் தூண்டில் போட்டுப் பழகிய நம்மவர்களுக்கு ஆழ்கடல் வேறு உலகம். குட்டையில் மீன் கடிக்காவிட்டால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கும் படகில் அது முடியாது. வாந்தி வந்தாலும் வானம் கறுத்தாலும், தெக்கோங் படகைத் திருப்பும்வரை அங்கேதான் இருக்க வேண்டும்.

நண்பர்கள் நாலைந்து பேர் காசு சேர்த்து ஒரு நாளைக்குப் படகை வாடகைக்கு எடுப்பதே வழக்கமான முறை. கடலை அறிந்த தெக்கோங்கும் படகோடு வருவார். தூண்டில் பிடித்தே இராதவர்கள் முதலில் ஒரு கெலோங்கில் ஓர் இரவு தங்கிப் பார்ப்பது நல்லது.

இத்துறையில் மலேசியாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஊர், பகாங்கின் கோல ரொம்பின். அங்குள்ள கவர்ச்சி ‘இக்கான் லாயாரான்’. ‘லாயார்’ என்றால் பாய். முதுகுத் துடுப்பு பாய்மரம்போல விரிவதால் அந்தப் பெயர். தமிழகக் கரையில் இதை மயில் மீன் என்பார்கள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் நீந்தும் என்று பழைய நூல்களில் இருக்கும். அண்மைய அளவீடுகள் அதில் பாதியைக்கூடக் காட்டவில்லை. ஆனாலும் தூண்டிலில் மாட்டி, நீருக்கு மேலே துள்ளும்போது பார்ப்பவருக்கு அந்தக் கணக்கெல்லாம் நினைவுக்கு வராது.

காலையில் படகு முதலில் ‘ஊஞ்சாம்’ பக்கம் போகும். தென்னை ஓலைகளைக் கட்டிக் கடலில் நிறுத்தி, மீன்களை நிழலுக்கு வரவழைக்கும் அமைப்பு அது. அங்கே பல சிறு முட்கள் கொண்ட ‘அப்பல்லோ’ கயிற்றை இறக்கி, செலார், தம்பான் போன்ற சிறு மீன்களை உயிரோடு பிடித்துத் தொட்டியில் விடுவார்கள். இரை இல்லாமல் வேட்டை இல்லை. பிறகு பறவைகள் வட்டமிடும் இடம் தேடிப் போய், உயிர் இரையைக் கோர்த்து, கயிற்றில் பலூன் கட்டி மிதக்க விடுவார்கள்.

மீன் கவ்வியதும் குட்டையில் செய்வதுபோல் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இங்கே பயன்படுத்துவது வட்ட முள். கயிறு இறுகும்வரை பொறுத்துச் சுற்றினால், முள் வயிற்றுக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும். அதனால்தான் மீனை உயிரோடு திருப்பி விட முடிகிறது. படகோரம் வந்ததும் கையுறையோடு அலகைப் பிடித்து, செவுளுக்குள் நீர் ஓடும்படி படகை மெல்ல நகர்த்தி, தெம்பு வந்ததும் விடுவிப்பார்கள். ‘பிடித்த மீனை விடுவதற்கா இவ்வளவு செலவு?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் தெங்கிரி, கெராப்பு, இக்கான் மேரா இருக்கின்றன. தெக்கோங்கிடம் முன்கூட்டியே சொன்னால் அதற்கேற்ற இடத்துக்குக் கொண்டுபோவார்.

ரொம்பினில் லாயாரானுக்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று. அப்போது கிழக்குக் கரையில் யார் மலிவு விலை சொன்னாலும் போகக் கூடாது. மேற்குக் கரையில், லுமுட் பக்கமிருந்து ஜாராக் தீவு நோக்கிப் போகிறவர்கள் விடியலுக்கு முன் திடீரென்று வீசும் ‘சுமத்ரா’ காற்றை மனத்தில் வைக்க வேண்டும். முந்தைய இரவே மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கையைப் பாருங்கள்.

படகுக்குப் பயணிகளை ஏற்றும் உரிமம் உள்ளதா, எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள். ‘இன்னும் ஒருவர்தானே’ என்று மச்சானையும் ஏற்றுவது ஆபத்து. உயிர்காப்பு அங்கி பெட்டிக்குள் இருந்து பயனில்லை; உடம்பில் இருக்க வேண்டும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். அவசரத்துக்கு 999.

தியோமான் போன்ற கடல் பூங்காத் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கத் தடை. பவளப்பாறை ஓரம் மீன் அதிகம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள்.

கடல் மயக்கம் பலசாலியையும் படுக்க வைத்துவிடும். மாத்திரையைப் படகேறுவதற்கு முன்பே போட வேண்டும். தலை சுற்றிய பிறகு போட்டால் வாந்தியோடு போய்விடும். அது தூக்கம் தரும் என்பதால், ரத்த அழுத்தம், இருதய மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்பது அவசியம். காலையில் சம்பலோடு நாசி லெமாக் வேண்டாம், ரொட்டி போதும். டீசல் புகை அடிக்காத இடத்தில் உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

கட்டணம் பேசும்போது எரிபொருள், இரை, தூண்டில், ஐஸ், சாப்பாடு எல்லாம் அடங்குமா என்பதையும் கேட்டுவிட வேண்டும். பிடித்த மீன் யாருக்கு என்பதும் அதில் சேர்த்தி. எல்லாம் வாடகைக்கு எடுத்தவர்களுக்கே என்பார்கள் சிலர். தெக்கோங்குக்கும் பங்கு உண்டு என்பார்கள் சிலர். பெரிய தெங்கிரி ஒன்று படகில் கிடக்கும்போது இந்தப் பேச்சைத் தொடங்குவது யாருக்கும் நல்லதல்ல.