வளைகோட்டின் திசை

மேலை இசைக்குறியீட்டில் ‘டை’ என்பது, ஒரே சுரத்தின் இரு குறிகளை இணைத்து, மீண்டும் மீட்டாமல் ஒலியை நீட்டச் சொல்லும் வளைகோடு. பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் ‘கார்டி’ல் உச்சிச் சுரத்தின் கோடு மேல்நோக்கியும், அடிச் சுரத்தினது கீழ்நோக்கியும் வளைவது மரபு. நடுச்சுரங்களில்தான் சிக்கல், திசை பிசகினால் கோடுகள் மோதும், வாசிப்பவர் தடுமாறுவார். உலோகத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கிய கைவினைஞர்கள் இதனைக் கண்ணாலேயே தீர்மானித்தனர்.

அக்கண்ணைக் கணினிக்கு அளிக்க முயன்றது, 1996இல் ஹான்-வென் நீன்ஹாய்ஸும் யான் நியூவன்ஹாய்சனும் நெதர்லாந்தில் தொடங்கிய லிலிபாண்ட் மென்பொருள். பல அமைப்புகளை ஒப்பிட்டு, குறைகளுக்கு மதிப்பெண் இட்டு, குறை மிகக் குறைந்ததை அது தேர்கிறது. ஆயினும் ‘டை-கான்ஃபிகரேஷன்’ என்றொரு வாயிலையும் திறந்தே வைத்திருக்கிறது: மேலெனில் 1, கீழெனில் -1 என்று ஒவ்வொரு கோட்டின் திசையையும் நாமே எழுதலாம். செதுக்குநரின் கண்ணுக்கு விதிகள் முழு மாற்றாகா என்பதற்கு அதனினும் நேர்மையான ஒப்புதல் வேண்டுமோ?