சிப்பி எழும், சிற்பம் தேயும்

லண்டன் செயின்ட் பால் பேராலயத்துக்கு வருபவர்கள் அண்ணாந்து குவிமாடத்தைப் பார்ப்பார்கள். வெளிச்சுவரைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால், வெள்ளைக் கல்லிலிருந்து சிப்பி ஓடுகளின் விளிம்புகள் துருத்திக்கொண்டிருப்பது தெரியும். அவற்றை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் கடைசியில், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் வாழ்ந்த உயிர்களின் மிச்சம் அவை.

கல் வந்தது இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்லாந்திலிருந்து. 1666 பெருந்தீயில் லண்டன் எரிந்த பிறகு, 1675இல் பேராலயத்தைக் கட்டத் தொடங்கிய கிறிஸ்டோபர் ரென் இந்தச் சுண்ணாம்புக் கல்லைத் தேர்ந்தெடுத்தார். கடலோரத்திலேயே குவாரி, வெட்டிய பாளங்களைக் கப்பலேற்றி, தேம்ஸ் ஆற்று வழியே நகருக்குக் கொண்டுவரலாம். செலவுக்குப் பணம், லண்டனுக்குள் வரும் நிலக்கரி மீது போட்ட வரியிலிருந்து கிடைத்தது.

போர்ட்லாந்து கல் எல்லாம் ஒரே தரமல்ல. அடியில் இருப்பது பேஸ்பெட்: சிப்பி குறைவு, நுண்ணிய சிற்பத்துக்கு உகந்தது. அதற்கு மேலே விட்பெட், சிப்பித் துண்டுகள் கலந்தது; மழையையும் காற்றையும் தாங்கும் என்பதால் வெளிச்சுவருக்குப் போகும். உச்சியில் ரோச். அதில் ஓடுகள் கரைந்துபோய், அவற்றின் அச்சு மட்டும் துளைகளாக நிற்கிறது. நீண்டு முறுக்கிய நத்தையின் அச்சைப் ‘போர்ட்லாந்து திருகாணி’ என்றும், டிரைகோனியா என்ற இருவோட்டுச் சிப்பியின் அச்சைக் ‘குதிரைத் தலை’ என்றும் குவாரித் தொழிலாளர்கள் அழைத்தார்கள். சொரசொரப்பான இந்தக் கல் பெரும்பாலும் கடற்சுவர் போன்ற முரட்டு வேலைகளுக்கே போனது. 1960களில் அலிசன், பீட்டர் ஸ்மித்சன் என்ற கட்டடக் கலைஞர் தம்பதியர் லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் எக்கனாமிஸ்ட் இதழுக்கு எழுப்பிய கட்டடங்களுக்கு ரோச்சையே போர்த்தினார்கள். துணிச்சலான தேர்வு. அங்கே தொல்லுயிர் எச்சங்களைத் தேடவே வேண்டாம், சுவரே அவைதான்.

பேராலயச் சுவரில் சிப்பி வெளியே தெரிவதற்குக் காரணம் மழை. அமிலம் கலந்த மழைநீர் சுற்றியுள்ள கல்லைக் கரைக்கிறது. உறுதியான சிப்பி ஓடு எளிதில் கரைவதில்லை. அதே மழைதான் மனிதர் செதுக்கிய இலையையும் முகத்தையும் மழுக்குகிறது. எவ்வளவு கரைந்தது என்பதற்கு அளவுகோலும் அங்கேயே இருக்கிறது. மேலே உள்ள கைப்பிடிச் சுவரின் கற்களில் இருந்த துளைகளை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயம் ஊற்றி அடைத்தார்கள். அன்று கல்லோடு சமமாக இருந்த ஈயம் இன்று மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. நிலக்கரி வரியில் எழுந்த கட்டடத்தை நிலக்கரிப் புகையே தின்றது வேதனைதான். பின்னாளில் தேம்ஸின் எதிர்க்கரையில் எண்ணெய் எரித்துப் புகை கக்கிய பேங்க்சைட் மின்நிலையமும் 1981இல் மூடப்பட்டது. நகரின் காற்றில் கந்தகம் குறையக் குறைய, கல் கரையும் வேகமும் தணிந்தது.

பேராலயத்தின் தெற்கு வாசலுக்கு மேலே, தீயிலிருந்து மீண்டெழுந்ததன் அடையாளமாக, கையஸ் கேப்ரியல் சிபர் செதுக்கிய பீனிக்ஸ் பறவை இருக்கிறது. சிப்பியே சிற்பமான இடமும் லண்டனில் உண்டு: கிரீன் பார்க் சுரங்க ரயில் நிலையத்தில், சிற்பி ஜான் மெய்ன் போர்ட்லாந்து கல்லிலேயே தொல்லுயிர் வடிவங்களைச் செதுக்கியிருக்கிறார்.

லண்டன் போகிறவர்கள் இந்தச் சுவர்களுக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ சிப்பிகள் எடுப்பாகத் தெரியும். கண்ணால் பாருங்கள், நகத்தால்கூடச் சுரண்ட வேண்டாம்.